ஆரம்ப வகுப்புக்கு ஓராண்டுத் திட்டம்: ஊரிலிருந்து தொடங்குக!

விதைநெல்லைக் கையில் எடுக்குமுன்னரே நமது கமக்காரர் ஆண்டு முழுவதையும் மனத்திலே உழுது முடித்துவிடுகிறார். எந்த வயலுக்கு எந்த நெல், விதைப்பு எப்பொழுது, களையெடுப்பு எப்பொழுது, மழை பிந்தினால் செய்யத்தக்கது யாது என்பவற்றையெல்லாம் அவர் முன்கூட்டியே எண்ணி வைக்கிறார். எண்ணாது வயலில் இறங்குபவரைப் பார்த்து ஊர் நகைக்கும். ஆனால் அதே கமக்காரரின் பிள்ளை பயிலும் ஆரம்ப வகுப்பில் ஓராண்டுக் கல்வி எங்ஙனம் நடைபெறவேண்டும் என எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? பாடநூலின் முதற் பக்கத்தைத் தையிலே திறந்து, கடைசிப் பக்கத்தை மார்கழியிலே மூடிவிட்டால் ஆண்டுத் திட்டம் நிறைவேறிவிட்டது என்றே பல பாடசாலைகளிற் கருதப்படுகிறது. இது திட்டமன்று, பக்கங்களை எண்ணும் வேலை.

நான்காம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவனை அண்மையில் நாம் சந்தித்தோம். நீர் மாசடையும் காரணங்கள் ஐந்தையும் அவன் தடையின்றி ஒப்புவித்தான். "உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி நான்கு வரி எழுது, தம்பி" என்றோம். பென்சிலைப் பிடித்தபடியே நெடுநேரம் இருந்த அவன், ஈற்றில், "அது புத்தகத்தில் இல்லை, ஐயா" என்றான். அச்சிறுவன் அறிவிற் குறைந்தவனல்லன். தான் நாள்தோறும் காண்பதும் எழுத்துக்குரிய பொருளே என்பதை அவனுக்கு எவரும் காட்டவில்லை. அவ்வளவுதான்.

இதனைச் சிறு குறையென ஒதுக்கிவிட முடியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய பின்னர், தமிழுக்கு உரிய இடம் கோரி நமது மக்கள் நீண்ட காலம் போராடினர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை மேலும் விரித்துரைத்தது. அந்த உரிமை நடைமுறையிலே போதிய அளவு மதிக்கப்படுவதில்லை என நாம் குறைகூறுகிறோம். குறைகூறுவது நியாயமே. ஆனால் தன் ஊர் வீதியின் நிலையைத் தெளிந்த தமிழிலே ஒரு பக்கம் எழுதத் தெரியாத பிள்ளை நாளை எந்த உரிமையைக் கொண்டு எந்தக் கந்தோரின் கதவைத் தட்டும்? மனு எழுதுவதற்கு இன்னொருவரைத் தேடுபவரின் மொழியுரிமை கடதாசியிலேயே தங்கிவிடும். அவ்வுரிமைக்கு உயிரூட்டும் இடம் பாராளுமன்றம் மட்டுமன்று. ஆரம்ப வகுப்பும் அதுவேயாம்.

இந்நிலைக்குக் காரணம் யாது? வாசிப்பு, எழுத்து, சமூகக்கல்வி என்னும் மூன்றையும் மூன்று தனித்தனிப் பெட்டிகளாக நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வாசிப்புக்கு ஒரு நூல். எழுத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பி. சுற்றாடற் பாடத்துக்கு மனனஞ் செய்யும் குறிப்பு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்கடி இவற்றின்மேல் வந்து அமர்கிறது. வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறப்பதற்காக, இலவசக் கல்வி எழுந்த 1940களிலே தோன்றியது அப்பரீட்சை. இன்றோ, மூன்றாந் தரத்திலிருந்தே பிள்ளைகள் மாலை வகுப்புகளுக்கு ஓட்டப்படுகின்றனர். வினாவைக் கண்டதும் விடையைத் தெரிவுசெய்யும் வேகம் வளர்கிறது. கண்டதைக் கூறும் ஆற்றலும், கூறியதை எழுதும் ஆற்றலும் தேய்கின்றன.

மூன்று பெட்டிகளையும் ஒன்றாக்கும் ஓராண்டுத் திட்டம் இயலாததன்று. நான்காம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தை முதல் மார்கழி வரையுள்ள மூன்று தவணைகளிலும் விடுமுறைகளைக் கழித்தால் ஏறத்தாழ 40 வாரங்களே எஞ்சும். அந்த 40 வாரங்களையும் ஊரின் ஆண்டோடு பொருத்துவதே நாம் கூறும் வழி.

முதலாந் தவணையின் பொருள் அறுவடை. காலபோக நெல் களத்துக்கு வரும் காலம் அது. பிள்ளைகள் களத்துக்குச் செல்லட்டும். அரிவு வெட்டும் இயந்திரம் வருமுன்னர் வேலை எவ்வாறு நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்கட்டும். எத்தனை பரப்பில் எத்தனை மூட்டை என எழுதட்டும். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதையும் அங்கேயே அறியட்டும். எழுத்து இங்கே பட்டியலாகவும் சிறு வாக்கியமாகவும் தொடங்கும்.

இரண்டாந் தவணையின் பொருள் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வாடைப் பருவ மழை சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கித் தங்குவதே நமது கிணற்று நீர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தைத் தை மாதம் முதலே வாரந்தோறும் ஆசிரியர் முன்னிலையில் முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்து குறித்து வந்தால், கோடையில் அது இறங்குவதைப் பிள்ளைகள் தம் கண்ணாற் காண்பர். வன்னிப் பிள்ளைகளுக்குக் கிணற்றோடு குளமும் பாடமாகும். கண்டதை விவரித்து எழுதுதலும், கேட்டறிந்ததைத் தொகுத்து எழுதுதலும் இத்தவணைக்குரிய எழுத்து வேலை.

மூன்றாந் தவணையின் பொருள் ஊராட்சி. விதைப்பும் மழையும் வரும் அக்காலத்திலே வாய்க்காலைத் துப்புரவாக்குவது யார், உரம் எங்கிருந்து வருகிறது, வெள்ளம் வந்தால் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள் தாமாகவே எழும். கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பிரதேச சபை, கூட்டுறவுச் சங்கம் என்னும் பெயர்கள் அப்பொழுது வெறுஞ் சொற்களாக இரா. ஊரின் படத்தைப் பிள்ளைகள் வரையட்டும். கார்த்திகையிலே கிணறு மீண்டும் நிரம்புவதைக் குறிக்கட்டும். ஆண்டின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் ஊருக்கு வேண்டிய ஒன்றைக் குறித்துப் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஆண்டுக் கல்வியின் உண்மையான பரீட்சை அக்கடிதமே.

வாரத்தின் வேலையும் எளிதே. திங்களன்று பார்த்தலும் பேசுதலும். செவ்வாயன்று பிள்ளைகள் கூறும் வாக்கியங்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுத, அவற்றையே வகுப்பு வாசித்தல். புதனன்று அதே பொருளையொட்டிய பாடநூற் பகுதி. வியாழனன்று தாமே எழுதுதல். வெள்ளியன்று பிழை திருத்தி மீள எழுதி, உரக்க வாசித்தல். மாதத்தில் ஒரு வாரம் புதிய பாடமின்றி மீட்டலுக்கென விடப்படவேண்டும். அறுவடைக்காகவோ காய்ச்சலாலோ வராது நின்ற பிள்ளை பின்தங்கிவிடாமற் காப்பது அந்த வாரமே.

பாடத்திட்டம் இதற்கு இடந்தராது என்பர் சிலர். 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பிள்ளை அடையவேண்டிய அத்தியாவசியக் கற்றற் தேர்ச்சிகளை வகுத்தது. ஆசிரியரின் கையைக் கட்டவில்லை. முழு நாட்டுக்குமாக எழுதப்படும் நூல் நமது ஊர்க் கிணற்றை அறிய முடியாது. அறிந்த ஆசிரியரே அக்குறையை நிரப்பவேண்டும். ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் சிறிய பாடசாலைக்கு இது பொருந்துமோ என்று வினவுவோரும் உளர். அங்கேதான் இது மிகவும் பொருந்தும். பொருள் ஒன்று, இரண்டாம் வகுப்பு சொல் எழுதும், மூன்றாம் வகுப்பு வாக்கியம் எழுதும், நான்காம் வகுப்பு பந்தி எழுதும். புலமைப்பரிசில் என்னாகும் என அஞ்சும் பெற்றோருக்கு நாம் கூறுவது இது: வாசித்ததை விளங்கவும் விளங்கியதை எழுதவும் வல்ல பிள்ளை எந்தப் பரீட்சைக்கும் அஞ்சாது.

இஃது ஒன்றும் புதுமையன்று. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளின் படிநிலையறிந்து பாலபாடங்களை வரிசையாக ஆக்கினார். 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிற் பரீட்சிக்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம், ஊரின் தொழிலையும் வாழ்வையும் பாடத்தின் நடுவிலே வைத்தது. முன்னோர் போட்ட வழியிலே புல் முளைக்க விட்டவர்கள் நாமே.

நாம் வரைந்த படம் வடபுலத்துக்குரியது. மட்டக்களப்பின் ஆண்டு வேறு. மலையகத்திலே நெல்லின் இடத்திற் கொழுந்தும், களத்தின் இடத்தில் நிறுவைக் கொட்டிலும் நிற்கும். கடற்கரையூரின் ஆண்டைச் சோளகமும் வாடையும் வகுக்கும். ஒவ்வோர் ஊரும் தன் திட்டத்தைத் தானே எழுதவேண்டும் என்பதே நமது கருத்து.

அதற்கு வேண்டியது பெரும்பணமன்று. மார்கழி விடுமுறை தொடங்குமுன் ஒருநாள் அதிபரும் ஆரம்ப வகுப்பாசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்து ஆண்டின் பொருள்களை ஒரு தாளில் எழுதட்டும். ஊரிலே பிறந்து உயர்ந்த வைத்தியர் ஆண்டிலொருமுறை வந்து நீரைப் பற்றிப் பேசட்டும். சட்டத்தரணி வந்து மனு எழுதும் முறையைக் காட்டட்டும். பொறியியலாளர் வந்து குளத்தின் அணைக்கட்டை விளக்கட்டும். கட்டடத்துக்குக் காசு அனுப்புவதோடு கடமை முடிந்ததெனக் கருதும் கற்றோருக்கு இது நமது பணிவான வேண்டுகோள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் வயலும் கிணறும் பாடசாலையின் ஒரு பகுதி; வரும் பிள்ளைகளுக்குப் படலையைத் திறந்து வையுங்கள்.

விதைக்கும் காலம் தவறினால் அந்தப் போகம் தவறும். அடுத்த போகம் வரும். பிள்ளையின் ஒன்பதாவது வயதோ ஒருமுறைதான் வரும். வரும் தையிலேனும் அதனை வீணாக்காதிருப்போமாக!