"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

இழை. கொஞ்சம் நீளம்தான். படிச்சிட்டு வீட்டு வாட்ஸப் குரூப்புலயும் போட்டு விடுங்க.

1/ ஆஸ்பத்திரியில் பேஷண்ட்டோட கூட இருக்கிறவருக்கு எத்தனை வேலை! மருந்து வாங்கணும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கணும், ஸ்ட்ரெச்சர் தள்ளணும், காட்டுற இடத்துல கையெழுத்து போடணும். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "நீ டாக்டரா, நான் டாக்டரா?" ஒரு டாக்டராகச் சொல்கிறேன்: அது பதிலே இல்லை.

2/ கொல்லையில் பாம்பு கடிச்ச ஒருத்தர் ஆலங்குடி ஜி.ஹெச். வந்து, அங்கிருந்து புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜுக்குப் போறார்னு வெச்சுக்குங்க. சுமார் 20 கிலோமீட்டர். கடிச்ச நேரம், விஷமுறிவு மருந்து ஏத்தின நேரம், எத்தனை வயல், ரத்தம் உறையுதான்னு பார்த்த 20 நிமிஷ டெஸ்ட்டின் முடிவு. இந்த நாலும் ரெஃபரல் சீட்டில் இருக்கணும்.

3/ ஏன்? முதல் டோஸ் ஏத்தி 6 மணி நேரம் கழிச்சு அந்த டெஸ்ட்டை மறுபடி செய்வோம். ரத்தம் உறையலேன்னா மறுபடி மருந்து. "ஊசி போட்டாங்க சார், எப்பன்னு தெரியல" என்றால் அந்த 6 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? "சீட்டுல நேரம் எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்கிற தம்பி திமிர் பிடிச்சவன் இல்லை. அவனும் வைத்தியத்தில் ஒரு கை கொடுக்கிறான்.

4/ அடுத்தது, "வீட்ல ஆம்பள யாரும்மா? கையெழுத்து போடச் சொல்லு." வயிறு அவளுடையது, கையெழுத்து அவருடையதா? சமீரா கோலி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். செல்லாது என்றது நீதிமன்றம். உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலை தவிர, முடிவு பேஷண்ட்டுடையது.

5/ "ஃபைல் தர முடியாது" என்பார்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி விதிகளின்படி, பேஷண்ட்டோ அவர் அனுமதித்த உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கணும். எழுதிக் கேளுங்க, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேளுங்க.

6/ "ஓ.பி.யில 200 பேர் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்தவா?" என்று என் சக டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் காலிப் பணியிடத்தை நிரப்பாத நிர்வாகம். வரிசையில் நிற்கிற அப்பத்தாவிடம் ஏன் காட்டணும்?

7/ 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அதைக் காட்டி "கேள்வி கேட்பவன் எல்லாம் ரவுடி" என்று சொல்லாதீர்கள். என்ன நடக்குதுன்னே தெரியாமல் வெளியே மணிக்கணக்கில் நிற்கும் குடும்பத்திடம் அஞ்சு நிமிஷம் பேசுவது நமக்கும் பாதுகாப்பு.

8/ நீங்கள் செய்ய வேண்டியது:
• குடும்பத்தில் ஒரே ஒருவர் பேசுங்க. எட்டுப் பேர் சூழ்ந்தால் அது கேள்வி இல்லை, மிரட்டல்.
• சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டு வாங்க. ஒத்துக்காத மருந்தை முதல்லயே சொல்லுங்க.
• மூணு கேள்வி: என்ன நோய்? இந்த வைத்தியம் எதுக்கு? வேற வழி இருக்கா?
• புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். "தமிழ்ல படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்க.
• டிஸ்சார்ஜ் ஆகும்போது: எது நடந்தால் உடனே திரும்பி வரணும்?

9/ 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுதப் படிக்கக் கற்று, சைக்கிளும் ஓட்டிக் காட்டிய பெண்களின் மாவட்டம் இது. இன்னைக்கு அதே பெண்களிடம் இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டி "இங்க போடும்மா" என்கிறோம். சம்மதப் படிவம் தமிழில் வேணும், அதை விளக்க ஒரு ஆள் வேணும். இதை ஆஸ்பத்திரியில் கேளுங்க, கிராம சபையில் கேளுங்க, ஓட்டு கேட்டு வருபவரிடமும் கேளுங்க.