உம்மாவின் பழைய எக்ஸ்ரே



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கபில நிறத்தில் ஒரு பெரிய உறை கிடக்கிறதா? எங்கள் வீட்டில் கிடந்தது. வாப்பாவின் கால் முறிவு, தங்கையின் மூக்கடைப்பு, உம்மாவின் நெஞ்சு என்று ஒரு குடும்பத்தின் நோய்க் கதை முழுவதும் அந்த உறைக்குள்தான். 2019 டிசம்பரில் சூரிய கிரகணம் வந்தபோது பிள்ளைகள் அதிலொன்றை உருவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். (கண்ணைக் கெடுக்கும் வேலை அது. உங்கள் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.) மிச்சமிருந்தவை வத்தேகம மழைக்காலத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பரவாயில்லை, இப்போதெல்லாம் படம் கணனியில்தானே இருக்கிறது என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. விடாத இருமல் என்று மடவளை வழியாகக் கண்டிக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரேயில் சுவாசப்பையின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. டொக்டர் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதற்கு முன்னர் எடுத்த படம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் கேட்டதன் காரணத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். புள்ளி இருக்கிறது என்பதைவிட அது வளர்கிறதா என்பதே அங்கு பெரிய விடயம். இரண்டு வருடங்களுக்கு மேலாக அளவு மாறாமல் நிற்கும் கெட்டியான புள்ளி பெரும்பாலும் பழைய சயரோகத்தின் தழும்பாகவோ வேறேதும் தீங்கில்லாத ஒன்றாகவோதான் இருக்கும். வளர்ந்திருந்தால் கதை வேறு. பழைய படம் கையில் இல்லாவிட்டால் மேலும் ஸ்கேன் செய்ய வேண்டி வரலாம், நெஞ்சுக்குள் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்க்கவும் நேரலாம். எழுபது வயதுத் தாய்க்கு அது சின்ன விடயமா?

"மூன்று வருடங்களுக்கு முன்னர் இதே இடத்தில்தான் எடுத்தோம். பிலிம் தரவில்லை, கணனியில் இருக்கிறது என்றார்கள்" என்றேன். கவுண்டரில் இருந்தவர் உம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்றார்.

இந்தக் கணனி முறை எப்படி வேலை செய்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஜேர்மனியில் ரொன்ட்ஜன் என்பவர் 1895இல் இந்தக் கதிரைக் கண்டுபிடித்து, தம் மனைவியின் கையை மோதிரத்தோடு படம் பிடித்தார். அதன் பின் நெடுங்காலம் பிலிமும் இருட்டறையும்தான். படத்தைக் கணனியில் சேமித்து எடுக்கும் முறையைப் பற்றி மேல்நாடுகளில் 1980களின் தொடக்கத்தில் பேசத் தொடங்கினார்கள். அப்போது ஒரு தொல்லை இருந்தது. ஒரு கம்பனியின் மூடி இன்னொரு கம்பனியின் சட்டிக்குப் பொருந்தாதது போல, ஒரு கம்பனியின் இயந்திரம் எடுத்த படத்தை மற்றக் கம்பனியின் கணனி திறக்காது. அமெரிக்காவின் கதிரியல் வைத்தியர்களும் இயந்திர உற்பத்தியாளர்களும் கூடி 1985இல் ஒரு பொது விதியை வெளியிட்டார்கள். 1993இல் அது திருத்தம் பெற்று 'டைகொம்' என்ற பெயரில் வந்தது. இன்று உலகெங்கும் அதுதான்.

எக்ஸ்ரே பகுதிக்குள் இரண்டு கணனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்று கணக்குப் புத்தகம்: யார் வந்தார், எந்த டொக்டர் அனுப்பினார், என்ன படம், அறிக்கை எழுதியாயிற்றா என்பதெல்லாம் அதிலே. மற்றது அலுமாரி: படங்கள் அங்கே கிடக்கும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 10 மெகாபைட் அளவில் இருக்கும். சீ.ரீ. ஸ்கேனில் ஒரு துண்டு அரை மெகாபைட்தான், ஆனால் ஒரே ஸ்கேனில் நானூறு துண்டுகள் வந்தால் 200 மெகாபைட் ஆகிவிடும். கவுண்டரில் ஒரு தடவை தட்டும் பெயர் அப்படியே எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் போகும், அங்கிருந்து படத்தோடு அலுமாரிக்கும் போகும். யாரும் மறுபடி எழுதுவதில்லை. வசதிதான். ஆனால் முதல் இடத்தில் பிழைத்தால் கடைசி வரை பிழைதான்.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் நடத்தும்போது, வாசகத்துக்கு முன்னால் அதன் இஸ்னாத்தைப் பார்க்கச் சொல்வோம். யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற வரிசை அறுந்திருந்தால் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. டைகொம் படமும் அப்படித்தான். நோயாளியின் பெயர், இலக்கம், பிறந்த திகதி, படம் எடுத்த நாள், நேரம், இயந்திரம் எல்லாம் படத்தோடு ஒரே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். உம்மாவின் படத்துக்கு அந்த வரிசைதான் அறுந்து போயிருந்தது.

நம் பெண்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். பாத்திமா என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம்! முதலெழுத்தைப் 'பி' என்று போடுவாரும் உண்டு, 'எஃப்' என்று போடுவாரும் உண்டு. நடுவில் 'எச்' இருந்தாலும் இருக்கும். அடையாள அட்டையில் வாப்பாவின் பெயரெழுத்துகள் முன்னால் நிற்கும், வீட்டில் கூப்பிடும் பெயரோ வேறு. மூன்று வருடங்களுக்கு முன்னர் உம்மாவோடு போன மருமகள், கேட்டவுடன் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் தமக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறார். எவரையும் குறை சொல்ல முடியாது. "எண்ட பேர எத்தின விதமா எழுதுறாங்க மகன்?" என்று உம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறந்த திகதியைக் கொண்டு தேடினார்கள். அதுவும் பொருந்தவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அன்றைக்குப் பெருநாள் கழித்து மூன்றாம் நாள். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை வீட்டில் பங்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உம்மாவுக்கு இருமல் கூடியது. எக்ஸ்ரே பகுதியில் இருந்த ஒரு சகோதரி (சிங்களப் பெண், பொறுமைசாலி) அந்த நாளின் பட்டியலைத் திறந்து, நெஞ்சுப் படம் எடுத்த பெண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவது பெயர் உம்மாவினது. இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதே புள்ளி, அதே இடம், அதே அளவு. ஊசி தேவையில்லை, சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் போதும் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

நமது சுகாதார அமைச்சு இதற்கென்றே தனிநபர் சுகாதார இலக்கம் என்று 11 இலக்கங்களில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. கணனி முறை உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் அதைச் சிறு அட்டையில் தருவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதியாமல் அந்த அட்டையையே காட்டுங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், எழுதிய பின் ஒரு தடவை பாருங்கள். தனியார் இடங்களின் இலக்கம் அந்தந்த இடத்துக்கு மட்டும்தான். ஓரிடத்து அலுமாரி பெரும்பாலும் இன்னோரிடத்துக்குத் திறக்காது. ஆகவே அறிக்கையோடு படத்தின் இறுவட்டையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளை உண்டாகியிருக்கக்கூடும் என்று சந்தேகம் இருந்தால் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்த காலத்தில் பிலிமுக்கும் தட்டுப்பாடு வந்து, திரையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அன்றைக்கு வேறு வழியில்லை. இன்று அதையே பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்ரேயில் ஆயிரக்கணக்கான சாம்பல் சாயல்கள் உண்டு. தொலைபேசிப் படத்தில் அவற்றில் பெரும்பகுதி போய்விடும், அளவெடுக்கவும் முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. வைத்தியசாலைக் கணனியில் யார் எப்போது எந்தப் படத்தைத் திறந்தார் என்று பதிந்து வைக்க முடியும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட படத்துக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. பெண்களின் படத்தை ஆண்கள் பார்ப்பார்களா என்று என்னிடம் கேட்கும் சகோதரிகள், தாமே மருமகளின் ஸ்கேன் படத்தைப் பெயரோடு நாற்பது பேர் உள்ள குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்! படம் எடுக்கும்போது பெண் ஊழியர் வேண்டுமென்று கேட்கலாம், அதில் வெட்கமில்லை. படத்தைப் பரப்பாமல் இருப்பது நம் கையில். நோய் விபரங்களைத் தனிப் பாதுகாப்புக்குரியவையாக வைத்து, 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

உம்மாவின் இரண்டு பதிவுகளையும் அன்றே ஒன்றாக்கச் சொன்னேன். உடனே செய்ய மாட்டோம், அடையாள அட்டையின் பிரதி வேண்டும் என்றார்கள். சலிப்பாக இருந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி. ஒருவரின் படம் இரண்டு பெயரில் கிடப்பதைவிட, இருவரின் படம் ஒரே பெயரில் சேர்வது பெரிய ஆபத்து. மறுவாரம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது உம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் ஒரு மட்டை இருக்கிறது. அதில் இலக்கத்தையும், பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய விதத்தையும் நான் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாதே என்று உம்மா அதற்குக் கீழே அரபுத்தமிழில் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார். கவுண்டரில் பெயர் கேட்டால் வாய் திறப்பதில்லை, மட்டையைத்தான் நீட்டுகிறார்.