டெர்ரியில் எரிந்த மரக்கோயில்

வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில், ஜூலை 11-ஆம் தேதி இரவு புராட்டஸ்டண்டு வட்டாரங்களில் மரச்சட்டங்களையும் பழைய டயர்களையும் வானளாவ அடுக்கி மூட்டும் தீயில் அயர்லாந்துக் கொடி எரிவதும், ஆகஸ்டு மாதம் கத்தோலிக்க வட்டாரங்களில் மூட்டும் தீயில் பிரிட்டிஷ் கொடி எரிவதும் நெடுநாளாய் வேரூன்றிவிட்ட துவேஷத்தின் சடங்குகள். அப்படிப்பட்ட ஊரில், நெருப்பைக் கொண்டே வேறொரு காரியம் செய்யலாம் என்று துணிந்து, 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், டேவிட் பெஸ்ட் என்னும் அமெரிக்கச் சிற்பி, ஃபாயில் ஆற்றின் கிழக்கே ஒரு மேட்டில், இரு சமூகத்து இளைஞர்களையும் உடன் சேர்த்துக்கொண்டு, சுமார் 70 அடி உயரமுள்ள மரக்கோயில் ஒன்றை, எரிப்பதற்கென்றே எழுப்பினார்.

அதில் விக்கிரகம் இல்லை, புரோகிதர் இல்லை. சிக்குக் கோலத்தை மரத்தில் இழைத்ததுபோல் நுணுக்கமாக அறுக்கப்பட்ட ஒட்டுப்பலகைச் சுவர்களில், இறந்தவர்களின் பெயர்களை எழுதியவர்களும், இடுக்குகளில் புகைப்படங்களைச் செருகியவர்களும், பேச்சற்றுப்போன உறவுக்கு நாலு வரி கிறுக்கியவர்களுமாக, ஒரு வார காலத்தில் ஏறக்குறைய 60,000 பேர் வந்து போனார்கள். யாருடைய துக்கத்துக்குப் பக்கத்தில் தம்முடைய துக்கத்தை எழுதுகிறோம் என்று எவரும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பலகைக்கு மதம் தெரியாதல்லவா! மார்ச்சு 21-ஆம் தேதி இரவு, ஆயிரக்கணக்கானோர் கூடி நிற்க, அத்தனையும் எரிந்தன.

இந்தப் படைப்பில் நான் மிகவும் மதிப்பது, 'மன்னித்துவிடு' என்று அது எவரையும் நிர்ப்பந்திக்கவில்லை என்பதே. மன்னிக்க மனம் வராதவரும் தம் கோபத்தை அங்கே எழுதிவிட்டுப் போகலாம். மக்களின் மனப்புண்ணை ஆற்றக் கலையைத் துணைக்கு அழைக்கும் அதிகாரிகள் பலர் இதை உணர்வதில்லை. மன்னிப்புக்கு முன் உண்மை வெளிவர வேண்டும் என்பதற்கு அதே நகரமே சாட்சி. அங்கே 1972 ஜனவரி 30-ஆம் தேதி, சிவில் உரிமை ஊர்வலத்தில் வந்தவர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டார்கள். முதலில் நடந்த விசாரணை சிப்பாய்களின் பக்கமே பெரும்பாலும் சாய்ந்தது. குடும்பத்தார் சளைக்காமல் போராடிப் பெற்ற இரண்டாவது விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15-ஆம் தேதி வெளிவந்தபோதுதான், அந்தச் சாவுகளுக்கு எவ்வித நியாயமும் இல்லை என்று பிரதமர் டேவிட் கேமரன் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். உண்மைக்காக அந்தக் குடும்பங்கள் காத்திருந்தது 38 ஆண்டுகள்!

மரக்கோயில் அதற்கு ஐந்தாண்டுகள் பிந்தி வந்தது. இந்த வரிசை மாறியிருந்தால், அதாவது சர்க்கார் தன் குற்றத்தை மறைத்துக்கொண்டே ஜனங்களின் கையில் பேனாவைக் கொடுத்துச் சமாதானம் எழுதச் சொல்லியிருந்தால், அது கலையின் பெயரால் இழைக்கப்பட்ட இன்னொரு அநீதியாகவே இருந்திருக்கும். கலவரத்தால் பிளவுண்ட ஊர்களில் இத்தகைய படைப்புகளை நிறுவ விழையும் அரசாங்கங்கள், விசாரணை அறிக்கைகளை முதலில் வெளியிடட்டும். தச்சர்களை அதன் பிறகு அழைக்கட்டும்.