இசட் டிரைவ் உங்கள் டிரைவ் அல்ல!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் கற்றுக் கொள்ளும் முதல் பாடங்களில் ஒன்று டிரைவ் எழுத்து. சி டிரைவில் விண்டோஸ் இருக்கிறது, அதில் கை வைக்காதே. நம் போட்டோ, பாட்டு, கடிதம் எல்லாம் டி டிரைவில். கம்ப்யூட்டர் விற்றவரும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தப் பாடம் நல்ல பாடம்தான். ஆனால் இன்று எக்ஸ்புளோரரில் தெரியும் எழுத்துகள் எல்லாம் உங்கள் மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியைக் குறிப்பவை அல்ல. இதை நான் சற்றுக் கசப்பான அனுபவத்தில்தான் உணர்ந்தேன்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். 2020 லாக்டவுனில் சொந்த ஊரான மல்லாங்கிணறுக்கு லேப்டாப்புடன் வந்தவன், இன்னும் பாதி நாட்கள் இங்கிருந்துதான் வேலை பார்க்கிறேன். சித்தப்பா இங்கே கணக்கு எழுதும் தொழில் செய்கிறார். கடைக்காரர்கள், மில்காரர்கள் கொடுக்கும் பில்களை வாங்கி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார். அவரிடம் வேலை பார்க்கும் மூவரும் ஆளுக்கொரு ஊர்: அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை. லாக்டவுனில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கி, அப்படியே நிலைத்துவிட்டது.

பென் டிரைவிலும் வாட்ஸ் அப்பிலும் பைல்களை அனுப்பி அனுப்பி, எது கடைசிப் பைல் என்பதே தெரியாமல் போனது. "பைனல்", "பைனல் புதுசு", "பைனல் புதுசு 2" என்று பெயர் வைத்த எக்ஸெல் ஒர்க்புக்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிளவுட் ஸ்டோரேஜ் பற்றி நான் விளக்கத் தொடங்கியபோது சித்தப்பா பாதியிலேயே நிறுத்தினார். "ஏம்ப்பா, அந்த வெப்சைட் எல்லாம் எனக்கு வேண்டாம். டி டிரைவுக்குப் பக்கத்துல இன்னொரு டிரைவ் வெச்சுக் கொடுத்துரு, அது போதும்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கோரிக்கை. செய்வதும் எளிது. கூகுள் டிரைவ் என்றால் அதன் டெஸ்க்டாப் புரோகிராமை இறக்கி இன்ஸ்டால் செய்தாலே ஜி என்ற எழுத்துடன் ஒரு டிரைவ் வந்து உட்கார்ந்துவிடும்; செட்டிங்ஸ் சென்று வேறு எழுத்தும் கொடுக்கலாம். மைக்ரோசாப்ட்டின் ஒன்டிரைவ் எழுத்து தராது, போல்டராகவே நிற்கும். நம் சோகோ நிறுவனத்தின் ஒர்க்டிரைவிலும் ட்ரூசிங்க் என்ற புரோகிராம் இதே வேலையைச் செய்கிறது. 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தி, கிராமத்திலிருந்தும் உலகத்துக்கு சாப்ட்வேர் எழுதலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்ப்பவர்களின் தேவை அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

(பழைய கட்டுரைகளில் "மேப் நெட்வொர்க் டிரைவ்" கிளிக் செய்து கிளவுட் முகவரியைக் கொடுக்கச் சொல்லும் வழி ஒன்று இருக்கும். அது வெப்டேவ் என்ற முறை. ஒரு பைல் சுமார் 50 எம்பியைத் தாண்டினாலே விண்டோஸ் தகராறு செய்யும். அதற்கான சர்வீஸை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாப்ட் 2023-ல் அறிவித்தும்விட்டது. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

நான் ஒரு கிளவுட் சேவையில் ஒரே அக்கவுண்ட் திறந்து, நான்கு கம்ப்யூட்டரிலும் அதையே போட்டு, இசட் என்று எழுத்தும் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மதுரையில் ஸ்கேன் செய்த பில் அடுத்த நிமிடம் இங்கே தெரிந்தது. சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

2024 மே மாதம், ஒரு கடைக்காரருக்கு 2019-20 கணக்கு சம்பந்தமாக ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பில்களை எடுக்க சித்தப்பா இசட் டிரைவைத் திறந்தார். 2019-20 போல்டர் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் போல்டர்களும் இல்லை. நான்கு கம்ப்யூட்டரிலும் இல்லை.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அருப்புக்கோட்டையில் இருக்கும் பெண்ணின் லேப்டாப்பில் சி டிரைவ் நிரம்பி, சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. இடம் வேண்டுமே என்று, எக்ஸ்புளோரரில் பெரிதாகத் தெரிந்த பழைய போல்டர்களை அழித்திருக்கிறாள். "அண்ணே, என் லேப்டாப்புல இருக்கிறதத்தானே அழிச்சேன். உங்ககிட்ட எல்லாம் காப்பி இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அவள் கேட்டதில் என்ன தவறு? சி, டி என்றால் என் லேப்டாப்பில் இருப்பது. அப்படியானால் இசட்டும் என் லேப்டாப்பில் இருப்பதுதானே? அந்த எழுத்து அவளுக்குச் சொன்னது அதைத்தான். தவறு எழுத்தைக் கொடுத்துவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் விட்ட என்மேல்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை: அவள் அழித்ததால் லேப்டாப்பில் பெரிதாக இடமும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட டிரைவில் பைல்கள் உண்மையில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. நம் பக்கம் தெரிவது பெயர்ப் பட்டியல் மட்டுமே. திறக்கும் பைல் மட்டும் கீழே இறங்கி ஒரு தற்காலிக இடத்தில் உட்காரும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே கிணறு இருப்பதால் இப்படிச் சொல்கிறேன்: வாளியும் கயிறும் உங்கள் வீட்டில், கிணறு வேறு ஊரில். நான்கு வீட்டுக் கயிறும் ஒரே கிணற்றில்தான் இறங்குகிறது.

அவசரமாகப் பிரவுசரில் அக்கவுண்டைத் திறந்து டிராஷ் போல்டரைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளும் அங்கே இருந்தன. அழித்த நாளைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. 26 நாட்கள் ஆகியிருந்தன. அந்தச் சேவையில் டிராஷுக்குப் போனது 30 நாட்களில் தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். (கூகுள் டிரைவிலும் 2020 அக்டோபரிலிருந்து இதே 30 நாள் கணக்குதான்.) நோட்டீஸ் ஒரு வாரம் தாமதமாக வந்திருந்தால்? ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பில் இல்லை என்றால் அந்தக் கடைக்காரர் வரியை வட்டியோடு இன்னொரு முறை கட்ட நேரிடலாம். 25 ஆண்டுகளாகச் சித்தப்பாவை நம்பி பில் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர்.

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. தென்கொரிய அரசுக்கு அது இல்லை. அங்கே அரசு ஊழியர்களுக்கென்று ஒரு கிளவுட் ஸ்டோரேஜ் இருந்தது. அதன் பெயரும் ஜி-டிரைவ்தான். ஜி என்றால் அரசாங்கம். ஆளுக்கு 30 ஜிபி இடம். அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் இதில் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். 2025 செப்டம்பர் 26-ல் தேஜோன் நகரில் இருந்த டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. சாம்பலான 96 சிஸ்டங்களில் ஜி-டிரைவும் ஒன்று. 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே எங்கும் பேக்கப் எடுத்து வைக்கப்படவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் அதில் போட்ட துறைதான் அதிகம் இழந்தது. விதியை மீறித் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்திருந்த ஊழியர் யாராவது இருந்திருந்தால் அன்று அவர்தான் புத்திசாலி.

தீ மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் கூகுள் டிரைவ் வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் பல மாதப் பைல்களைக் காணவில்லை என்று புகார் செய்தனர். டெஸ்க்டாப் புரோகிராமின் 84-ஆம் பதிப்பில் சிக்கல் என்று கூகுள் ஒப்புக் கொண்டு, மீட்பதற்கான வழியைப் பின்னர் வெளியிட்டது. இன்னும் மேலே ஏறாமல் கம்ப்யூட்டரிலேயே காத்திருந்த பைல்கள் தொடர்பான சிக்கல் அது. எனவே வேலை முடிந்தவுடன் படக்கென்று ஷட் டவுன் செய்யாமல், டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள ஐகானைப் பாருங்கள். அது சுழன்று கொண்டிருந்தால் பைல் இன்னும் போய்ச் சேரவில்லை.

எழுத்துள்ள டிரைவை வைரஸும் விட்டுவைக்காது. 2013-ல் பரவிய கிரிப்டோலாக்கர், கம்ப்யூட்டரில் எழுத்துடன் தெரியும் நெட்வொர்க் டிரைவ்களையும் தேடிப் போய்ப் பூட்டியது. ஒரு லேப்டாப்பில் நுழைந்தது நான்கு பேர் பைலையும் கெடுக்கும்.

ஆக இசட் டிரைவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சித்தப்பாவுக்கு 58 வயது. எழுத்தில்லாமல் பிரவுசரில் போய்த்தான் வேலை செய் என்றால் அவர் மீண்டும் பென் டிரைவுக்கே போய்விடுவார். பழகிய வழியில் வேலை செய்ய விடுவதுதான் நல்ல சாப்ட்வேர். என் வாதம் இதுதான்: எழுத்தைக் கொடுக்கும் அன்றே, அது எங்கே இருக்கிறது, அழித்தால் யாருக்கெல்லாம் அழியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்ஸ்டால் செய்யும் புரோகிராம்கள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. எங்களைப் போன்ற இன்ஜினியர்களும் சொல்வதில்லை. "சிங்க்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். கேட்பவர் அதை "பேக்கப்" என்று புரிந்து கொள்கிறார். இரண்டும் எதிர் எதிர். இங்கே செய்த தவறை நொடியில் எல்லா இடத்திலும் செய்து முடிப்பது சிங்க்.

இப்போது எங்கள் ஏற்பாடு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆளுக்கொரு அக்கவுண்ட், ரிட்டர்ன் போட்டு முடித்த ஆண்டுகளின் போல்டர்களை மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. சித்தப்பா வீட்டில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஞாயிறு தோறும் செருகி, இசட் டிரைவில் உள்ளதைக் காப்பி செய்து, கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவார். கழற்றுவது முக்கியம், செருகியே இருந்தால் அதுவும் வைரஸுக்கு இன்னொரு எழுத்துதான்.

கணக்கு எழுதும் சாப்ட்வேரின் டேட்டா போல்டரை மட்டும் இசட்டிலிருந்து முழுமையாக எடுத்துவிட்டேன். அதில் பல பைல்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று சார்ந்து மாறும். கிளவுட் புரோகிராமோ ஒவ்வொன்றாக அனுப்பும். அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் ஒரே கம்பெனியைத் திறந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து டேட்டா உடையும். ஒரே அலுவலகத்துக்குள் கேபிளில் இணைத்த நெட்வொர்க் டிரைவில், ஒருவர் திறந்த பைலுக்குப் பூட்டு விழும், அடுத்தவர் காத்திருப்பார். அந்தப் பூட்டை கிளவுட் டிரைவில் நம்ப முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் டேட்டாவைக் கெடுத்துக் கொண்டு சாப்ட்வேரைத் திட்டுகிறார்களோ!

வேகத்தையும் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். அப்லோட் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. 10 ஜிபி ஏற அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் அதே 10 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம் என்பதையும் கவனியுங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், மோடம் ஓடாது. ரிட்டர்ன் கடைசி நாளான 20-ஆம் தேதி எங்களுக்கு இது நடந்திருக்கிறது. மோடத்துக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம். அதோடு நடப்பு மாத போல்டரை ரைட் கிளிக் செய்து, இன்டர்நெட் இல்லாதபோதும் கிடைக்கும்படி அமைத்தோம். கூகுள் டிரைவில் இது "ஆப்லைன் ஆக்சஸ்" என்றும், ஒன்டிரைவில் "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்றும் இருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு டிரைவ் இருந்தால் இன்று மாலையே ஒரு சோதனை செய்திடுங்கள். ஐகான் சுழலவில்லை என்று உறுதி செய்து கொண்டு, மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த டிரைவில் நீங்கள் நீண்ட நாட்களாகத் தொடாத பழைய பைல் ஒன்றை டபுள் கிளிக் செய்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அந்தப் பைல் உங்கள் வீட்டில் இல்லை. மோடத்தைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக் காப்பி செய்யத் தொடங்குங்கள்.