தகுதி, திறமை எங்கே போச்சு?

இடஒதுக்கீடு என்றதும் ‘தகுதி, திறமை’ என்று கத்துகிறவர்கள், பாலக்கரைச் சந்துகளின் அங்கன்வாடி பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? மாற்றுத்திறன் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தருகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், மீறினால் சிறைகூட உண்டு என்கிறது 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். அங்கன்வாடியில் அப்படியொரு பணியிடமே இல்லை. எடை பார்க்கிற, சத்துமாவு கொடுக்கிற, பதிவேடு எழுதுகிற அதே டீச்சரம்மாதான் காது கேளாத பிள்ளைக்கும். 2023இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று அங்கன்வாடி நெறிமுறை வந்தது. வேலை கூடிச்சு, ஆள் வரல. 2016 உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வியும் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. பேச்சு பழகுற வயசு அதுக்குள்ள போயிடும். காசுள்ளவன் பிள்ளை தெரபிக்குப் போகும். எங்க பிள்ளை மூலையில குந்தியிருக்கும்.

பன்னிரண்டாவது முடித்த சேரிப் பெண்களுக்கு அரசு செலவில் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பைக் கொடு. அங்கன்வாடியிலேயே வேலை போடு. அப்புறம் பேசு, தகுதியைப் பற்றி.