அடைமழைக்கு முன் ஒரு பானை



2015 டிசம்பர் முதல் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் சூழ்ந்த உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் சாலை துண்டிக்கப்பட்டால் கடைத்தெரு எட்டாத தொலைவாகிவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதோ ஒரு துளி மழையும் இன்றியே இல்லங்கள் முடங்கின.

ஐவர் கொண்ட குடும்பம் பத்து நாட்கள் சமாளிக்க அரிசி 20 கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு, புளி, மிளகாய் இருந்தால் போதும். அடுப்பு மூட்ட இயலாத நாளுக்கு அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். மதரஸாவுக்கென்று நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைப்பார்களே, அதே வழிதான்! வேளைக்கு ஒரு பிடி, நாளுக்கு இரண்டு என்றால் மாதம் ஏறக்குறைய மூன்று கிலோ சேரும். பங்குனியில் தொடங்கினால் ஐப்பசி அடைமழைக்குள் 20 கிலோ நிறைந்துவிடும். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் விலையின்றியே அரிசி கிடைக்கிறது. அதிலிருந்தும் எடுக்கலாம்.

சேர்ப்பதைவிடக் காப்பதே கடினம். அரிசியை வெயிலில் காய வைக்காதீர்கள், நொறுங்கிவிடும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ இட்டு மூடுங்கள். முழுப் பயறுகளை வெயிலில் காய வைத்து, நன்கு ஆறிய பின், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் தடவி வைத்தால் வண்டு அண்டாது. ஆறுமுன் மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கம்பைத் தானியமாகவே வையுங்கள். மாவாக்கினால் சில நாட்களில் கசந்துவிடும்.

பானையைத் தொடவே கூடாது என்று பூட்டி வைப்போரும் உண்டு. அது பிழை. பழையதை எடுத்துச் சமைத்து, அதே அளவு புதியதை நிரப்புங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பரண் மீது ஏற்றுங்கள். குடும்ப அட்டையையும் தீப்பெட்டியையும் நெகிழி உறையில் இட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். குடிநீருக்கு ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் கணக்கு. மழை வலுக்குமுன்பே குடங்களை நிரப்பி மூடி விடுங்கள், வெள்ளத்தில் கிணற்று நீரை நம்ப இயலாது.