கூலியைக் குறைத்தது யார்?

"வந்தவர்களால்தான் கூலி விழுந்தது" என்கிறார் புத்தளத்து நண்பர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வடக்கிலிருந்து விரட்டிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில்தான் ஒதுங்கினார்கள். உப்பளத்துக்கும் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்துக்கும் ஆள் கூடியது. உள்ளூர்க் கூலியாளின் பேரம் பலவீனப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் நாட்கூலியைத் தீர்மானித்தது அகதியா, முதலாளியா? வந்தவர் இந்நாட்டுப் பிரஜைதான். பலருடைய வாக்காளர் பதிவு மட்டும் மன்னாரில் கிடந்தது. முதலாளியின் கடமையைப் பாருங்கள்: 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகத் தொழிலாளிக்கும் பொருந்தும். உப்பு வாருகிற எத்தனை பேருக்கு அந்த நிதி கட்டப்படுகிறது? அகதியை விடுங்கள், உள்ளூர்க்காரருக்காவது? நண்பர் அந்தக் கணக்கை முதலாளியிடம் கேட்டுவிட்டு வரட்டும்.